பச்சைத் தாளில் வந்த எண்பத்தெட்டு

போடிநாயக்கனூரிலும் மேலே மலையிலும் வலைப்பூ எழுதுகிறவர்கள் யாரும் தாங்கள் காணாமல் போய்விட்டதாக எங்கும் புகார் கொடுக்கவில்லை. இருந்தாலும் அவர்களைக் கண்டெடுக்க ஒரு மையம் தொடங்கப்பட்டது.

அதன் பெயர் சுதந்திரத் தனிநபர் வலைப்பதிவுக் கண்டெடுப்பு மற்றும் தரநிர்ணய மையம். ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் ஒரே அறை. பெயர்ப்பலகை அறையைவிட நீளம். அதனால் 'தரநிர்ணய மையம்' என்ற கடைசி இரண்டு சொற்களும் பக்கத்துப் பல் டாக்டரின் வாசலுக்கு மேல் போய் நின்றன. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வழிதவறி வந்தவர்களுக்கும் செயலாளர் ஐசக் விண்ணப்பப் படிவம் கொடுத்தார். இரண்டு பேர் நிரப்பியும் கொடுத்துவிட்டார்கள்.

கிட்டங்கியின் முதலாளி ராம்பிரசாத்தான் மையத்துக்கும் தலைவர். மலையில் அவருக்கு ஏலத்தோட்டம் இருந்தது. ஐசக், முப்பத்தோரு வருடம் ஓர் அலுவலகத்தில் வருகிற தபால்களுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றவர். உறையைப் பிரிக்காமலேயே எண் போடத் தெரிந்தவர் என்று அவருக்குப் பிரிவுபசார விழாவில் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தார்கள். அது மையத்தின் சுவரில் மாட்டப்பட்டிருந்தது.

அனுசியா அந்தக் கிட்டங்கியின் கீழ்த்தளத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள். வயது இருபத்து மூன்று. சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்த் தட்டச்சு, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். வகுப்பு முடிந்ததும் டைரி எழுதுவாள். பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் 'நடந்தது' என்றும் வலப்பக்கம் 'நான் நினைத்தது சரியா' என்றும் தலைப்பிட்டிருப்பாள். இடப்பக்கம் நான்கு வரியில் முடிந்துவிடும். வலப்பக்கம் அடுத்த தாளுக்குப் போகும்.

ஐசக் ஒருநாள் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"ஏத்தா, தமிழ் டைப்பிங் தெரியுமாமே?"

"லோயர் முடிச்சிருக்கேன் சார். ஹையர் இன்னும் எழுதல."

"வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. இந்த மையத்துல வாசிக்கிறதுக்கு ஒரு ஆளு போதும். எல்லாரும் வாசிக்க ஆரம்பிச்சா முடிவெடுக்க ஆளு இருக்காது."

அவள் கண்டெடுப்பாளராக நியமிக்கப்பட்டாள். கூடப் பொறுக்கிக்கொண்டிருந்த ராஜாத்தி, "போத்தா, போ. மேல போயி எழுத்தப் பொறுக்கு. கல்லு கெடந்தா எங்களக் கூப்பிடு" என்று வழியனுப்பி வைத்தாள்.

முதல் நாள் ஐசக் விதிகளை விளக்கினார். நின்றுகொண்டு விளக்கினார். எதிரே அனுசியா மட்டும்தான் இருந்தாள்.

"சுதந்திரம்னா என்ன? யாருக்கும் கட்டுப்படாம எழுதுறது. ஒருத்தன் யாருக்கும் கட்டுப்படாதவன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? அதனால ஊர்ப் பெரிய மனுசங்க ரெண்டு பேருட்ட, இவன் எங்களுக்குக் கட்டுப்படாதவன்தான்னு கையெழுத்து வாங்கிட்டு வரணும். அவங்க போட மாட்டேன்னா சுதந்திரம் ரத்து."

பதிவு சமீபத்தியதாக இருக்க வேண்டும். அதாவது குழு கூடும் நாளுக்கு முந்தைய முப்பது நாட்களுக்குள் எழுதியது. குழு தொண்ணூறு நாளைக்கு ஒருமுறைதான் கூடும். இது இடிக்கிறதே என்று அனுசியா தயங்கிக் கேட்டாள். ஐசக் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கூட்டம் எப்போது நடந்தால் என்ன, அது அறுபது நாளைக்கு முன்பே நடந்ததாக மினிட்ஸில் எழுதிக்கொள்வதில் என்ன சிரமம் என்றார்.

பல்சுவை வேண்டும் என்பதற்காகச் சுவைகள் ஆறாக வரையறுக்கப்பட்டிருந்தன: மழை, மலை, தாய், தன்னம்பிக்கை, சமையல், இதர. 'இதர'வில் இடம் நிரம்பிவிட்டதால் யாரையும் அதில் சேர்க்கக் கூடாது. சொந்த எழுத்துத்தான் என்பதற்கு, எழுதும்போதே எடுத்த பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு. ஒன்பதாவது விதியை ஐசக் இரண்டு முறை சொன்னார்.

"கண்டெடுப்பாளர் எந்தப் பதிவுக்குக் கீழயும் ஒரு வார்த்த எழுதக் கூடாது. நல்லாருக்குன்னு கூட. எழுதுனா பாரபட்சம். நாம கண்டுபுடிக்கிறவங்க. கண்டுபுடிச்சது அவங்களுக்குத் தெரியக் கூடாது."

அனுசியா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.

ஆறு வாரம் வாசித்தாள். அப்படி ஒரு ஆறு வாரம் அவளுக்கு வாய்த்ததில்லை. தேவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த ஒருவர், யானை வந்த நாட்களை மட்டும் எழுதிவந்தார். யானையைத் திட்டவில்லை. யானை போன பிறகு நஷ்டத்தைப் பார்வையிட வந்து, மிச்சமிருந்த கதிர்களைச் சுட்டுத் தின்ற ஆட்களைத் திட்டினார். பொட்டிபுரத்தில் டீக்கடை வைத்திருந்தவர், இன்னும் வராத ஆய்வுச் சுரங்கத்துக்கு வழி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தான் எந்தெந்த வழியைக் காட்டினார் என்பதை வருடவாரியாக எழுதியிருந்தார். மதுரைக்கு ரயிலில் போய்வந்த நர்சிங் மாணவி, எதிர்சீட்டு டிபன் பாக்ஸ்களின் வாசனையை வைத்து அந்தந்த வீட்டில் நேற்று என்ன சண்டை என்று கண்டுபிடித்தாள். சின்னமனூர்ப் பக்கம் ஒருவர், கெட்டுப்போன மிக்ஸியைத் தானே சரிசெய்வதைப் பதினேழு பாகமாக எழுதியிருந்தார். பதினேழாம் பாகத்திலும் மிக்ஸி ஓடவில்லை. ஆனால் மனைவி பேச ஆரம்பித்திருந்தார்.

இவற்றில் எது மழை, எது மலை, எது தன்னம்பிக்கை? அனுசியாவுக்குப் புரியவில்லை. தனக்குத்தான் புரியவில்லையோ என்று வலப்பக்கத்தில் எழுதினாள்.

எண்பத்தெட்டாவதாக வந்தது 'மூணாவது ஜீப்பு'. எழுதியவர் பெயரில்லை, படமில்லை. போனில் தட்டியது. மொத்தம் நாற்பது பதிவு. ஏதோ ஒரு ஏலத்தோட்டத்துக்குத் தினமும் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப்போகும் பெண் என்பது மட்டும் தெரிந்தது.

'இன்னைக்கு மருந்தடிப்பு. மூஞ்சியக் கட்ட துண்டு கொண்டான்னு சொன்னாக கொண்டுபோனேன். மூக்குல கட்டுனா கண்ணு எரியுது கண்ணுல கட்டுனா வழி தெரியல. ஜீப்புல பத்தொம்பது பேரு போனோம் வரும்போது பதினெட்டு. எங்கூட நின்ன அக்கா செடிக்கு அடியில உக்காந்துட்டா. சூப்பர்வைசர் வந்து மயக்கமான்னு கேக்கல. எந்த வரிசை பாக்கின்னு கேட்டான். அக்கா கையக் காட்டுனா பாருங்க அந்த வரிசையத்தான் நான் அடிச்சேன். இத யாராச்சும் வாசிச்சா ஒரு வார்த்த சொல்லுங்க.'

எல்லாப் பதிவும் அப்படித்தான் முடிந்தது. நாற்பது முறை கேட்டிருந்தாள். நாற்பதின் கீழும் ஒரு வார்த்தை இல்லை. அனுசியாவின் விரல் கருத்து எழுதும் கட்டம் வரை போனது. ஒன்பதாவது விதி நினைவுக்கு வந்தது. எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் பதிவில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி வந்தது. அதில் எழுதிய முதலாளி பெயரைப் பாசி மூடி 'பிரசாத்' மட்டும் தெரிகிறது என்று இருந்தது. கீழே கிட்டங்கிச் சாக்குகளில் முழுப் பெயரும் பாசியில்லாமல் அச்சடித்திருந்ததை அனுசியா இரண்டு வருடமாகப் பார்த்துவருகிறவள். அன்று டைரியில் இடப்பக்கம் எதுவும் எழுதவில்லை.

தரநிர்ணய நாள் வந்தது.

ஊரில் ஏலக்காய்க்கு என்ன நடக்குமோ அதுதான் எழுத்துக்கும் நடந்தது. ராம்பிரசாத்துக்கும் குழுவினருக்கும் தெரிந்த முறை அது ஒன்றே. ஒவ்வொரு வலைப்பூவும் அச்செடுத்து, மடித்து, சாம்பிள் போடும் பாலித்தீன் பையில் இட்டு, லாட் எண் ஒட்டப்பட்டது. மேசையில் எவர்சில்வர் தட்டுகள் வைக்கப்பட்டன. நாற்பது வருடம் ஏலத்தில் சாம்பிள் பார்த்த ஜக்கையன் தரம் போட வந்தார். நல்ல மனிதர். எழுபதைத் தாண்டியவர். காயை உள்ளங்கையில் வைத்து உருட்டியே எந்த மலை, எந்தப் பக்கச் சரிவு என்று சொல்லிவிடுவார். அவருக்கு யாரும் இது காயல்ல என்று தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பார்.

முதலில் சல்லடை. எட்டு எம்எம் சல்லடையில் தாள்களைக் கொட்டிக் குலுக்கினார்கள். ஒன்றும் கீழே விழவில்லை. எனவே வட்டாரத்தின் அனைத்துப் பதிவுகளும் எட்டு எம்எம்முக்கு மேற்பட்ட உயர்தரம் என மினிட்ஸில் ஏறியது. கை தட்டினார்கள்.

அடுத்து ஈரப்பதம். ஜக்கையன் மிக்ஸித் தொடரைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார்.

"சத்தமே வரல. சரியா காயல இது."

"அது பதினேழு பாகம்யா" என்றாள் அனுசியா.

"எத்தன பாகமா இருந்தா என்னத்தா. ஒரு பாகமாச்சும் காஞ்சிருக்கணும்ல."

மிக்ஸித் தொடர் கழிக்கப்பட்டது. தேவாரத்து யானை, எடை பத்தவில்லை என்று போனது. டிபன் பாக்ஸை ஜக்கையன் வெகுநேரம் முகர்ந்துபார்த்துவிட்டு, "ஒரு வாசமும் இல்ல" என்று தட்டில் போட்டார். பொட்டிபுரத்துக்காரரைப் பையிலிருந்து யாரும் வெளியே எடுக்கவேயில்லை.

கடைசியாக நிறம். அத்தனையும் வெள்ளைத் தாள். ஜக்கையன் முகம் சுளித்தார். "பூராம் வெளிறிக் கெடக்கு. வெயில்ல போட்ட காய் மாதிரி. பச்ச இல்லாம எதுக்குத் தரம் போடுறது?"

அப்போதுதான் எண்பத்தெட்டு தட்டில் விழுந்தது. பச்சையாக இருந்தது.

நடந்தது இதுதான். எண்பத்தேழோடு வெள்ளைத் தாள் தீர்ந்துபோனது. விழா அழைப்பிதழுக்காக ஐசக் வாங்கி வைத்திருந்த இளம்பச்சைத் தாள் மட்டும் இருந்தது. அனுசியா அதில் அச்செடுத்துவிட்டாள். வெள்ளைத் தாள் வாங்கிவரக் கடை மூன்றாவது கட்டிடத்தில்தான் இருந்தது. போகாமல் விட்டது ஏன்? நாற்பது வருடம் பச்சையைத் தேடிய கண் நாளைக்கு வரப்போகிறது என்பது தனக்குத் தெரியாதா? வலப்பக்கத்தில் இந்தக் கேள்வி பதிலில்லாமல் இருந்தது.

"கொண்டா அத" என்றார் ஜக்கையன். தாள்களை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் குரல் தணிந்தது. "இதுதான் காய். இந்த வருசம் இப்பிடி ஒண்ணு எறங்கல."

ராம்பிரசாத் தடவிப் பார்த்தார். "கண்ணுக்கே குளிர்ச்சியா இருக்குண்ணே."

"ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டவா சார்?" என்றாள் அனுசியா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஐசக்குக்குக் கேட்டுவிட்டது.

"தரம் போட்டப்புறம் வாசிச்சா தரம் கொறையும். என்னைக்காச்சும் சீல் வச்ச சாம்பிளப் பிரிச்சு ஏலக்காய் டீ போட்டுப் பாத்திருக்காகளா?"

முதல் தரம் பெற்றவரை மேடையில் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு படிவம். பெயர், ஆதார் எண், முகவரி, வேலை செய்யும் தோட்டம், மேற்பார்வையாளரின் ஆட்சேபணையின்மைச் சான்று.

"ஜீப்புன்னு பேரு வச்சிருக்கா, தோட்டத்துப் பொம்பளதான? எந்தத் தோட்டம்னு வெரசா விசாரிச்சிரு" என்றார் ராம்பிரசாத். "மொதலாளிக்கும் ஒரு பெரும வேணும்ல. அந்த ஆளையும் மேடையில ஒக்கார வைப்போம்."

வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வேண்டும் என்றார் ஐசக்.

வியாழன் விடிகாலை அனுசியா முந்தல் ரோட்டில் போய் நின்றாள். வரிசையில் நின்ற ராம்பிரசாத் தோட்டத்து ஜீப்புகளில் மூன்றாவதில் ஏறினாள். ஏற இடமில்லை, ஆனால் ஏற முடிந்தது.

"புதுசாத்தா?" என்றாள் ஓரத்தில் இருந்தவள்.

"இல்லக்கா. போடிமெட்டுல ஒரு சோலி. எறங்கிக்கிறேன்."

"அப்ப மடியில ஒக்காரு. இந்த ஜீப்புல சீட்டுங்கிறது ஒரு நம்பிக்கதான்."

சிரித்தார்கள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "பையப் பாத்தா படிச்ச புள்ள மாதிரி இருக்கு. ஏத்தா, ஆபீசருன்னா சொல்லிரு. நாங்க மூச்ச விடாம எளச்சு ஒக்காந்துக்கிறோம், ஒம்பது பேரு மாதிரி தெரிவோம்" என்றாள். மறுபடி சிரிப்பு. டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். அவன் சூப்பர்வைசரின் மச்சினன் என்று இருபதாம் பதிவில் அனுசியா வாசித்திருந்தாள்.

அவள் எண்ணினாள். தன்னைத் தவிரப் பதினெட்டு. இதில் யார்? போன் வைத்திருப்பவளா? பதினெட்டு பேரிடமும் பனிக்குப் பாலித்தீன் சுற்றிய போன் இருந்தது. இருமுகிறவளா? எல்லோரும் இருமினார்கள். 'நாளைக்கு உங்களிடம் ஆள் வருவார்கள், நீங்கள் இல்லை என்று சொல்லிவிடுங்கள்' என்று சொல்ல வந்தவள், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கண்ணாடியில் டிரைவர் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். போடிமெட்டில் இறங்கி அடுத்த பஸ்சில் திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் நாற்பத்தொன்றாம் பதிவு வந்தது.

'ஜீப்புல இன்னைக்கு ஒரு புதுப்புள்ள. எங்கள எண்ணுச்சு. எண்ணுற ஆளுக எப்பவும் எதையாச்சும் எடுத்துட்டுத்தான் போவாக. இது ஒண்ணுங் கேக்காம எறங்கிப் போயிருச்சு. நல்ல புள்ளதான் போல. இத யாராச்சும் வாசிச்சா ஒரு வார்த்த சொல்லுங்க.'

வெள்ளிக்கிழமை காலை அனுசியா படிவத்தை எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் யோசித்தாள். காலியாக விட்டால் ஐசக் தோட்டம் தோட்டமாக ஆள் அனுப்புவார். ஆள் முதலில் போகும் இடம் சூப்பர்வைசர். அவள் பிழைப்பைக் கெடுக்க அவன் ஒருத்தன் போதும். வாழ்க்கையில் எந்தப் படிவத்திலும் ஒரு பொய் எழுதாதவள், தன் பெயரை எழுதினாள்.

ஐசக் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீயா எழுதுன? வாசிக்கத் தெரியும்னுதான் சொன்ன. எழுதத் தெரியும்னு சொல்லலையே."

"நீங்க கேக்கல சார்."

"ஜீப்பு, தோட்டம்னு என்னமோ இருக்காமே."

"கற்பன சார்."

ஐசக்கின் முகத்தில் பெரும் நிம்மதி பரவியது. மலையேறும் செலவு மிச்சம். ஊழியருக்கு விருது கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அவளை முந்தைய நாளே ராஜினாமா செய்யவைத்தார். மேற்பார்வையாளரின் ஆட்சேபணையின்மைச் சான்றில் அவரே கையெழுத்திட்டார்: 'இவர் எழுதியதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எழுதியது இன்னதென்று தெரியாததால் இனிமேலும் இருக்காது.'

காய்ந்த காயை உரசி வாலை எடுத்து மெருகேற்றுவது கிட்டங்கி வழக்கம். எழுத்துக்கும் மெருகேற்றும் துணைக்குழு இருந்தது. விழாவில் வாசிப்பதற்காக ஒரு பதிவை உரசிக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளை உருவியதில் மருந்தடிப்புப் பதிவு வந்திருந்தது. மருந்து பனியாகியிருந்தது. பத்தொன்பது ஒன்பதாகியிருந்தது. செடிக்கு அடியில் உட்கார்ந்த அக்கா 'மரநிழலில் இளைப்பாறினாள்'. சூப்பர்வைசர் வந்து 'தேநீர் அருந்தினீர்களா, சகோதரி?' என்று கேட்டார். கடைசி வரி, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று எடுக்கப்பட்டது. இதைச் செய்யத் துணைக்குழுவினர் அந்தப் பதிவை வாசித்திருக்க வேண்டுமே என்று அனுசியா நினைத்தாள். அவர்களில் ஒருவரைக் கேட்டும் பார்த்தாள். அவர் சிரித்தார்.

"வாசிக்கிறதெல்லாம் இல்லத்தா. கரடுமுரடா கைக்குத் தட்டுப்படுறத எடுத்திருவோம்."

விழா ஒரு கல்யாண மஹாலில் நடந்தது. அறுநூறு நாற்காலி. கண்டெடுக்கப்படாத எண்பத்தேழு பேரையும் அழைக்க மறந்துவிட்டதால் நாற்காலிகள் காலியாக இருந்தன. ராம்பிரசாத் போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் தோட்டத்திலிருந்து மூன்று ஜீப்புகள் வந்தன. பெண்கள் இறங்கி, மண்ணான காலோடு எங்கே உட்காருவது என்று நின்றார்கள். சூப்பர்வைசர் கையைக் காட்டிய வரிசைகளில் உட்கார்ந்தார்கள்.

மேடையிலிருந்த அனுசியா மூன்றாவது ஜீப்பிலிருந்து இறங்கியவர்களை எண்ணினாள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள்.

ராம்பிரசாத் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு எழுத்துன்னா உசுரு. அதனாலதான் இதுவர ஒண்ணு கூட வாசிச்சதில்ல. வாசிச்சா யாரு மேலயாச்சும் பிரியம் வந்துரும். தலைவருக்குப் பிரியம் இருக்கக் கூடாது. சுதந்திரமா எழுதுறாகளே, இவகளுக்குன்னு ஒரு மொதலாளி இல்லையேன்னு எனக்கு ரொம்ப நாளாக் கொற. அந்தக் கொற இன்னையோட தீந்துச்சு. ஒண்ணு சொல்றேன். எங்க தோட்டத்துல இரநூறு பேரு வேல பாக்குறாக. ஒருத்தரும் இந்த மாதிரி எழுதுறதில்ல. ஏன்? கொற இருந்தாத்தான எழுதுவாக?"

கைதட்டல். ஜக்கையன் சால்வை போர்த்தினார். "பச்ச கெடாம பாத்துக்கத்தா" என்று மெல்லச் சொன்னார். அவர் ஒருவர்தான் அந்த மஹாலில் மனதாரப் பாராட்டியவர்.

"இப்ப நம்ம புள்ள வாசிக்கும்" என்றார் ஐசக்.

உரசிய தாள் அவள் கையில் இருந்தது. அசல் மனப்பாடமாக இருந்தது. அசலைச் சொன்னால் முதலாளிக்குத் தோட்டம் தெரியும், சூப்பர்வைசருக்கு அந்த வரிசையே தெரியும். 'அது இவளுக்கு எப்படித் தெரிந்தது' என்று கேட்பான். வாசிக்க மாட்டேன் என்று இறங்கினால், அப்படியானால் இது யாருடையது என்பார்கள். அனுசியா தாளைப் பார்த்து வாசித்தாள்.

"பனி பொழிந்தது. ஒன்பது பேர் ஆனந்தமாகச் சென்றோம். அக்கா மரநிழலில் இளைப்பாறினாள்…"

தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தாள். முடிந்ததும் சூப்பர்வைசர் எழுந்து கையை அசைத்தான். பெண்கள் கை தட்டினார்கள். மூன்றாவது ஜீப்பில் வந்தவர்களில் ஒருத்தியாவது தட்டாமல் இருக்கிறாளா என்று அனுசியா தேடினாள். பதினெட்டு பேரும் தட்டினார்கள்.

மறுநாள் மதியம் நாற்பத்திரண்டாம் பதிவு வந்தது.

'நேத்து மஹாலுக்குக் கூட்டிட்டுப் போனாக. சாப்பாடு உண்டுன்னாக. அன்னைக்கு எங்கள எண்ணுன புள்ள மேடையில நிக்குது. எம் பேச்சு அது வாயில வருது. மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு, யாரோ வாசிச்சிருக்காகளேன்னு. பெறகு பாத்தா மருந்து பனியாயிருச்சு. அக்கா எளைப்பாறுறாளாம். அக்கா தேனி ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கெடக்கா. எண்ணுற ஆளுக எடுத்துட்டுத்தான் போவாகன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நல்ல புள்ளன்னு எழுதுனேன். நானும் கை தட்டுனேன். தட்டலன்னா ஏன்னு கேப்பாக.'

அவ்வளவுதான். வழக்கமான கடைசி வரி இல்லை. துணைக்குழு எடுத்ததை இப்போது அவளே எடுத்துவிட்டிருந்தாள்.

மையத்தின் ஆண்டறிக்கை அந்த வாரம் வெளிவந்தது. 'போடி வட்டாரத்தில் சுதந்திர எழுத்தாளர் ஒருவர் கண்டெடுக்கப்பட்டார். அவர் நமது மாடியிலேயே இருந்தார் என்பது மையத்தின் தேடல் திறனுக்குச் சான்று.' வரும் ஆண்டு முதல் விண்ணப்பங்கள் அனைத்தும் பச்சைத் தாளில் மட்டுமே ஏற்கப்படும் என்றும் அதில் இருந்தது. ஐசக் அவளைத் திரும்ப வேலைக்கு அழைத்தார். அனுசியா வரவில்லை என்றாள். சால்வையை மேசையில் வைத்தாள். சால்வையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் படிவம் இல்லை என்று ஐசக் அதைத் தொடவில்லை.

கீழே வந்து தன் பழைய இடத்தில் முறத்தோடு உட்கார்ந்தாள்.

"என்னத்தா, எழுத்துல கல்லு கெடந்துச்சா?" என்றாள் ராஜாத்தி.

"கல்லுகதான்க்கா பொறுக்குறாக" என்றாள் அனுசியா.

மதிய இடைவேளையில் போனைத் திறந்தாள். தன் விளக்கத்தைப் பலமுறை மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்தாள். 'நான் திருடவில்லை, உங்களை மறைக்கத்தான்' என்று தொடங்கினால், மறைக்க ஒரு ஆள் இருக்கிறாள் என்று ஆகிவிடும். அந்த விளக்கத்தை யாரும் வாசிக்கலாம். ஊரில் யாரும் எதையும் வாசிப்பதில்லை என்பதை நம்பி ஒரு பெண்ணின் பிழைப்பைப் பணயம் வைக்க முடியாது. எனவே அதை எழுதவில்லை.

முதல் பதிவுக்குப் போனாள். கீழே கட்டத்தைத் தொட்டாள். 'வாசித்தேன். ஜீப்பின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்ததை வாசித்தேன்' என்று எழுதினாள். பெயர் போடவில்லை. இரண்டாவதற்குப் போனாள். 'வாசித்தேன். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்ததை.' அப்படியே ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல், எதையும் உரசாமல், எது எழுதியிருந்ததோ அதையே ஒரு வரியில் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனாள். நான்கு மதியங்கள் ஆயின. மருந்தடிப்பின் கீழே, 'வாசித்தேன். மருந்து. பத்தொன்பது பேர். அக்கா கை காட்டிய வரிசை' என்று எழுதினாள். நாற்பத்தொன்றாவதின் கீழே வெறும் 'வாசித்தேன்' மட்டும்.

நாற்பத்திரண்டாவதில் கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பதிவில் அவளை யாரும் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. போனை மூடிவிட்டு முறத்தை எடுத்தாள்.